நூற்று நாற்பத்தேழு

மாசி மாதம். நாகலூருக்கு மேலே
ஒரு காப்பித் தோட்டத்தில்
சில்வர் ஓக் மரங்களுக்கு விலை போட வந்தேன்.
செவ்வாய்ப்பேட்டை மரமில்லிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவும் குடலைப் புரட்ட,
கையில் டேப், காதில் பென்சில்,
ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட்.

ரகம், சுற்றளவு, உயரம், நிலை.
என் நோட்டில் நாலே கட்டம்.
எந்த மரமானாலும் இதற்குள் அடங்கும் என்று
பதினெட்டு வருஷ நம்பிக்கை.

நூற்று நாற்பத்தேழாவது, ஓக் இல்லை.
பங்களாவின் தண்ணீர்த் தொட்டி ஓரம்
ஓர் இலைகூட இல்லாமல் நின்றது.
சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய பச்சை;
இது மட்டும் எலும்பு.
எலும்பிலிருந்து தொங்கின
முழ நீளத்தில் கரிய காய்கள்,
அறுந்த செருப்பு வார்களை
யாரோ மாட்டிவிட்டு மறந்தது போல.

"என்ன மரம் இது?"
ஏணி சுமந்து வந்த சடைச்சி
நிற்காமலே சொன்னாள்: "தொரைமுருங்க."
"சாம்பாருக்கு ஆகுமா?"
"தொரை தின்னாரோ என்னவோ.
நாங்க தின்னதில்ல."

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்திருக்க வேண்டும்.
பார்க்கவில்லை.
ரகம்: தெரியாது. நிலை: பட்டது. விலை: விறகு.
அதன் மார்பில் 147 என்று எழுதினேன்.
பெயிண்ட் வழிந்து
ஏழுக்கு வால் நீண்டது.

திரும்புகையில் படல் தூணைக்
காலால் தட்டிக் காட்டினாள் சடைச்சி.
"அதோட கெளதான். மூத்தவன் வயித்துல இருக்கப்ப நட்டது.
அவனுக்கு இப்ப முன்தல வழுக்கை."
குனிந்து மண்ணை விலக்கினேன்.
வருஷம் முழுக்கப் பனி கசியும் மண்.
ஈரத்துக்கு அந்தக் கட்டைக்குள் நுழைய
வழி கிடைக்கவில்லை.
கத்தியை வைத்தால் வெண்ணெயாய்ச் சீவுகிறது.
மேசை செய்தால் பேனா அழுத்தின பள்ளம் விழும்;
செதுக்கினால் பொம்மை வரும்;
மண்ணுக்குள் நில் என்றால் நிற்கும்.
இவ்வளவு மெத்தென்று இருந்துகொண்டு
இவ்வளவு பிடிவாதம்!
அதற்கு ஐந்தாவது கட்டம் போட வேண்டும்.

ரைட்டர் பிலவேந்திரன்
பழைய பதிவேட்டைத் துழாவிப் பெயர் எடுத்தார்.
கட்டால்பா.
வாய்க்குள் ஒரு கட்டை உருண்டது.

சித்திரை முடிவில் லாரியோடு போனேன்.
நாலு கோடை மழை பெய்திருந்தது.
147 எங்கே?
எண் இருந்தது.
எண்ணுக்கு மேலே இலை,
கணுவுக்கு மூன்றாய்,
அரசிலையின் வாலை நறுக்கிவிட்டு
ஆள் முகம் மறையும் அகலத்துக்கு விரித்தது.
கசக்கினேன்; நாறியது.
இலைக்கும் மேலே பூ.
குலை குலையாய் வெள்ளைப் புனல்கள்.
உள்ளே இரண்டு மஞ்சள் கோடு, ஊதாப் பொட்டுகள்.
வண்டுக்கு வழி எழுதிய கணக்குப்பிள்ளை
பேனாவை உதறியிருக்கிறான்.

"எல்லாம் தழஞ்சப்பறந்தான் இது தழையும்.
வருசா வருசம் இப்படித்தான்."
"அன்னைக்கே ஏன் சொல்லல?"
"என்ன மரம்னுதான கேட்டீங்க.
உசுரோட இருக்கான்னு கேக்கல."

டிரைவர் அமல்தாஸ் ஹாரன் அடித்தான்.
ரம்பம் 146-ஐச் சாய்த்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தது.
148 என்றேன்.

ராத்திரி மில்லில் முதலாளி நோட்டைப் புரட்டினார்.
"பட்டதுன்னு எழுதியிருக்க. விறகு எங்கய்யா?"
பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு விதை,
இரு முனையிலும் நரைத்த மீசை வைத்தது,
ஃபேன் காற்றில் எழும்பி
கல்லாப் பெட்டியைத் தாண்டி
மரத்தூள் குவியல் மேல் உட்கார்ந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
பதில் சொல்ல மறந்துபோனேன்.